என்ன வேலை தெரியும், கண்ணு?



பட்டமளிப்பு விழா மேடையில் நாட்டைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். நான் மூன்றே வரியைப் பற்றிப் பேசப் போகிறேன். இன்று பட்டம் வாங்கும் உங்கள் ரெஸ்யூமில் பெயருக்கும் செல்போன் எண்ணுக்கும் கீழே 'கேரியர் அப்ஜெக்டிவ்' என்று ஒரு பத்தி இருக்கிறதே, அந்த மூன்று வரி. பம்பு தயாரிக்கும் கம்பெனியில் ஆள் எடுக்கும் மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். அந்த மூன்று வரியால் எத்தனை நல்ல பிள்ளைகள் கண்ணில் படாமலே போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வரி உங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றில், சவால் நிறைந்த பணிச்சூழலில், என் திறமைகளை முழுமையாகப் பயன்படுத்தி, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பாடுபட விரும்புகிறேன். கோபிச்செட்டிபாளையத்துப் பையன் அனுப்பினாலும் இதே வரிதான், உடுமலைப்பேட்டைப் பெண் அனுப்பினாலும் இதே வரிதான். சீனியர் கொடுத்த ஃபைலில் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்குகிறார்கள். அதுவும் உங்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லாதபோது இந்த வரியைத்தான் கொஞ்சம் மெருகேற்றித் தருகிறது.

இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். வீட்டில் யாரும் ரெஸ்யூம் எழுதியதில்லை. எப்படி எழுதுவதென்று கேட்க ஆளில்லாதபோது, கிடைத்ததைப் பார்த்து எழுதுவதுதான் நடக்கும். அதனால்தான் இதைப் பேசுவதற்கு இந்த மேடையை எடுத்துக்கொண்டேன்.

நம் கோவைப் பட்டறைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு லேத் பட்டறை வாசலில் போய் வேலை கேட்டு நின்றால், முதலாளி நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்: "என்ன வேலை தெரியும், கண்ணு?" இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் அந்த மூன்று வரியில் எழுத வேண்டும். எனக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறோம். எதிரே இருப்பவருக்கு என்ன வேண்டும், அதில் எந்தப் பகுதியை நான் செய்வேன் என்பதை எழுதுவதில்லை.

ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் ஒருவர் இதைச் சரியாக எழுதியிருக்கிறார். லியொனார்டோ டா வின்சிக்கு அப்போது வயது முப்பதுதான். 1482 வாக்கில் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். லுடோவிகோவுக்குப் போர்க்கவலை. ஆகவே எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள், கோட்டையை முற்றுகையிடும்போது அகழி நீரை வடிக்கும் வழி, பீரங்கிகள், மூடிய போர்வண்டிகள் என்று தன்னால் செய்ய முடிந்ததை வரிசையாக எழுதினார். ஓவியம் வரைவேன் என்பது கடைசியில்தான் வருகிறது. இதில் எதையாவது முடியாது என்று யாரேனும் நினைத்தால், உங்கள் தோட்டத்திலேயே செய்து காட்டத் தயார் என்றும் சேர்த்திருந்தார். கேட்பவரின் தேவை, தன்னிடம் உள்ள வேலை, அதை நிரூபிக்கும் துணிவு. இன்றைக்கும் ஒரு நல்ல அப்ஜெக்டிவுக்கு இவை போதும்.

நம் ஊருக்கு ஏற்றபடி சொல்கிறேன். மெக்கானிக்கல் படித்த ஒரு மாணவர் இப்படி எழுதலாம்: 'பம்பு தயாரிக்கும் நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பயிற்சிப் பொறியாளராகச் சேர விரும்புகிறேன். இறுதியாண்டு புராஜெக்டில், இம்பெல்லர் வார்ப்பில் வரும் ப்ளோ ஹோல் குறையையும் மணலின் ஈரப்பதத்தையும் ஒரு ஃபவுண்டரியில் தினமும் குறித்து ஒப்பிட்டேன். டிராயிங் படிக்கவும், வெர்னியர், மைக்ரோமீட்டரில் அளக்கவும் தெரியும்.' இதைப் படிக்கும் தர மேலாளர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசாமல் இருக்க மாட்டார். அவர் தினமும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பிரச்சினை அது.

பி.காம். படித்த பெண் திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறாள் என்றால், கணக்குப் பிரிவு உதவியாளர் வேலை என்று முதலில் பெயர் சொல்லட்டும். டாலி கணக்கு மென்பொருளில் என்ன பதிவு போடத் தெரியும், ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு பில்களைச் சரிபார்த்திருக்கிறாளா, ஏதாவது யூனிட்டில் சனிக்கிழமைக் கூலிக் கணக்குப் பார்த்திருக்கிறாளா என்பதை அடுத்து எழுதட்டும். கடின உழைப்பாளி, நேர்மையானவள் என்று தனக்குத் தானே சான்றிதழ் கொடுக்கத் தேவையே இல்லை. கூலிக் கணக்கைப் பைசா பிசகாமல் முடித்தவள் என்றால் அந்த இரண்டும் அதிலேயே இருக்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் தங்களிடம் உள்ள மிகச் சிறந்த அனுபவத்தை மறைத்துவிடுகிறார்கள். ஸ்டோர்ஸ் பிரிவு வேலைக்கு ஒரு பெண் வந்திருந்தார். பல்லடம் பக்கத்துக் கிராமம். ரெஸ்யூமில் அந்த மனப்பாட வரி, மதிப்பெண்கள், பொழுதுபோக்கு, அவ்வளவுதான். பேச்சுக் கொடுத்தபோதுதான் வீட்டில் விசைத்தறி இருப்பது தெரிந்தது. அங்கே பெரும்பாலும் கூலிக்கு நெய்வதுதான். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார், மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. வந்த நூல் எத்தனை கிலோ, நெய்து கொடுத்த துணி எத்தனை மீட்டர், கழிவு எவ்வளவு, வரவேண்டிய கூலி எவ்வளவு என்று பள்ளிக்கூட நாளிலிருந்து அந்த வீட்டு நோட்டை எழுதியவர் இவர்தான். எங்கள் ஸ்டோர்ஸில் செய்யும் வேலையும் அதுதானே! வந்த சரக்கு, போன சரக்கு, இருப்பு, கழிவு. ஏன் இதை எழுதவில்லை என்று கேட்டேன். "அது வீட்டு வேலைங்க சார்" என்றார்.

அது வேலை. பொள்ளாச்சியில் தேங்காய் மண்டியில் அப்பாவுக்குக் கணக்கு எழுதியது வேலை. நாமக்கல்லில் கோழிப்பண்ணையில் தீவனக் கணக்கும் முட்டைக் கணக்கும் பார்த்தது வேலை. உழவர் சந்தையில் விடியற்காலையில் தராசு பிடித்து ஆட்களோடு பேசி விற்றது வேலை. உங்கள் துறையோடு அதற்குத் தொடர்பு இருக்குமானால் தயங்காமல் எழுதுங்கள். அம்மா அப்பா செய்யும் தொழிலைச் சொல்லக் கூச்சப்பட்டு, யாரோ எழுதிய ஆங்கில வாக்கியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எழுதத் தொடங்கும்போது ஆங்கிலத்தில் தொடங்காதீர்கள். உங்கள் அத்தையோ மாமாவோ "எந்த வேலைக்குப் போற, அங்க போய் என்ன பண்ணுவ?" என்று கேட்டால் எப்படிச் சொல்வீர்களோ அப்படித் தமிழில் எழுதுங்கள். பிறகு அதை எளிய ஆங்கிலத்தில் மாற்றுங்கள். பெயரை மறைத்துவிட்டு உடன் படித்தவரிடம் காட்டுங்கள். இது யாருடையது என்று அவர் கண்டுபிடித்துவிட்டால் நன்றாக வந்திருக்கிறது என்று பொருள்.

சில சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு அல்லது மூன்று வாக்கியம் போதும். ஒவ்வொரு கம்பெனிக்கும் அதை மாற்றி எழுத வேண்டும். பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூம்களை மென்பொருள்தான் முதலில் சலிக்கிறது. ஆகவே விளம்பரத்தில் அவர்கள் கேட்ட திறமை உங்களிடம் உண்மையிலேயே இருந்தால், அதே சொல்லால் எழுதுங்கள். தெரியாததைத் தெரியும் என்று எழுதினால் நேர்முகத்தின் இரண்டாவது கேள்வியில் வெளியே வந்துவிடும். சாதிக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. தனியார் கம்பெனிக்கு அனுப்பும் ரெஸ்யூமில் அதை எழுதாதீர்கள், எந்தக் கம்பெனியும் அதைப் பார்த்து ஆள் எடுக்கவும் கூடாது. வேலை செய்து அனுபவம் வந்தபின் அப்ஜெக்டிவே தேவைப்படாது, செய்த வேலையின் சுருக்கத்தைப் போட்டுவிடலாம். புதிதாக வரும் உங்களுக்குத்தான் அந்த இடம் அவசியம், உங்களுக்காகப் பேச உங்கள் ரெஸ்யூமில் வேறு வரி அதிகம் இல்லை.

"எனக்கு என்ன வேலை வேண்டும் என்றே தெரியவில்லை, நான் என்ன எழுதுவது?" உங்களில் பாதிப் பேர் மனதில் இந்தக் கேள்வி ஓடுவது எனக்குத் தெரிகிறது. 1893-இல் கோவைக்குப் பக்கத்தில் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடுவை நினைத்துப் பாருங்கள். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார், அது வேண்டும் என்று முடிவு செய்தார். கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டிப் படித்தார். அப்போது அவருடைய அப்ஜெக்டிவ் ஒரு மோட்டார் சைக்கிள், அவ்வளவுதான். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ்ஸைத் தானே ஓட்டினார். பிறகு யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனம், 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார், 1945-இல் அவர் முயற்சியில் தொடங்கி இன்று தடாகம் ரோட்டில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக நிற்கும் கல்லூரி. ஓட்டலில் தட்டு எடுத்தபோது இதையெல்லாம் அவர் எழுதி வைத்திருக்க முடியாது.

அதனால் வாழ்க்கை முழுவதற்குமான லட்சியத்தை அந்த மூன்று வரியில் எழுத வேண்டாம். அடுத்த வேலைக்கு மட்டும் எழுதுங்கள். படித்ததில் எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே கூடுதலாகப் படித்தீர்கள், எந்த லேபில் நேரம் போனது தெரியவில்லை என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு வேலையின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வருஷம் கழித்து மனம் மாறினால் வரியும் மாறட்டும்.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த மூன்று வரியைப் பிள்ளைகளே எழுதட்டும், விடுங்க. முக்கியமாக, பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஓசூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கத் தயார் என்று உங்கள் மகள் எழுதினால், 'உள்ளூரில் மட்டும்' என்று திருத்தச் சொல்லாதீர்கள். எங்கே தங்குவாள், கூட யார் இருப்பார்கள் என்று கேளுங்கள், அந்த ஊருக்கு ஒரு முறை கூடவே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, அவள் எழுதியதை அப்படியே அனுப்பச் சொல்லுங்க.