பந்தய வண்டியா, பந்தய வேடமா?



பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு ஒரு பலவீனம் உண்டு. ஊர்ப்பெயர் ஒன்று காதில் விழுந்தால் போதும், நெஞ்சு இளகிவிடும். இளகிய நெஞ்சு எதையும் நம்பிவிடும். புனே நகரத்துக் கட்கிப் பகுதியில் நம் அண்டை வீட்டில் குடியிருக்கும் தமிழ் வாலிபர் ஒருவர் சென்ற ஆண்டு நம்மை நாடி வந்தார். தொழிற்சாலையில் வேலை, இரண்டாண்டுச் சேமிப்பு கையிலிருந்தது.

"ஐயா, ஒரு ராஜ்தூத் 350 விலைக்கு வந்திருக்கிறது. சோழவரத்தில் பந்தயம் ஓடிய வண்டியாம். சாதாரண வண்டியைப்போல் இரு மடங்கு விலை சொல்கிறார்கள். தாங்கள் ஒரு முறை வந்து பார்க்கவேண்டும்" என்றார்.

சோழவரம்! சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பிள்ளைப் பருவத்தில் கேட்டறிந்தவர்கள் நாம். அந்தப் பெயருக்காகவே அவருடன் புறப்பட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ராஜ்தூத் 350 என்பது ஜப்பானிய யமஹா வண்டியின் இந்திய வடிவம். எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தார் 1983-ஆம் ஆண்டு முதல் எண்பதுகளின் இறுதிவரை அதைச் செய்தனர். இரட்டைச் சிலிண்டர், 347 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, ஆறு கியர்கள். வேகப் பிரியர்கள் அதை விரும்பியதில் வியப்பில்லை. விளக்குகளையும் கண்ணாடிகளையும் கழற்றிவிட்டு அதைப் பந்தயத்தில் ஓட்டியவர்களும் உண்டு. வேடம் கட்டுவது எளிதாவதற்கும் இதுவே காரணம். விளக்கைக் கழற்றத் திருப்புளி ஒன்று போதும். எண் பலகை ஒன்றை ஒட்டக் கால் மணி நேரம் போதும். பந்தயம் என்பது ஒரு வண்டி பூணும் ஆடையன்று. அது அவ்வண்டியின் வரலாறு. வரலாற்றுக்குச் சாட்சி வேண்டும். இரும்பு ஒரு சாட்சி, காகிதம் ஒரு சாட்சி. இரண்டும் ஒத்துப் பேசவேண்டும்.

முதலில் இரும்பைப் பார்த்தோம். பந்தயத் தளத்தில் ஒரு வண்டியிலிருந்து எண்ணெய் சிந்தினால் பின்னால் வருபவர்களின் உயிருக்கே ஆபத்து. ஆகையால் எண்ணெய் வடிக்கும் திருகாணி போன்றவற்றின் தலையில் சிறு துளையிட்டு, அவை கழன்றுவிடாதபடி கம்பியால் முறுக்கிக் கட்டுவது வழக்கம். உண்மையாகவே ஓடிய வண்டியில் அத்துளைகளின் விளிம்பு தேய்ந்திருக்கும். உள்ளே பழைய அழுக்கு உறைந்திருக்கும். கம்பி அறுத்த தடம் தெரியும். நாம் கண்ட துளைகளோ நேற்றுத் துளைத்தவைபோல் பளபளத்தன. விளிம்பு விரலைக் கீறிற்று.

அடுத்து, கால் வைக்கும் கட்டைகள். வளைவில் வண்டியைச் சாய்த்து ஓட்டுகையில் அவற்றின் நுனி தரையில் உராய்ந்து தேயும். புகைக்குழாயின் அடிப்பாகமும் அவ்வாறே. ஆதலால் பந்தயக்காரர்கள் கட்டைகளை மேலே உயர்த்திப் பின்னால் தள்ளிப் பொருத்துவார்கள். அதற்காகச் சட்டத்தில் பற்றவைத்த தழும்பு எளிதில் மறையாது. இவ்வண்டியில் தேய்வுமில்லை, தழும்புமில்லை. நடுத் தாங்கியும் அசலாகவே இருந்தது. எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்றும் பந்தயக்காரர் பலர் கழற்றி எறிந்துவிடும் எண்ணெய்ப் பம்பும் தன் இடத்திலேயே இருந்தது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் தீர்ப்புச் சொல்ல இயலாது. எல்லாம் ஒரே திசையைக் காட்டும்போது ஐயத்திற்கு இடமில்லை.

பிறகு காகிதம். மொழிபெயர்ப்பே நம் தொழிலாதலால் ஆண்டும் பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது நமக்குப் பழக்கம். விற்பவர் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். வளைவில் சாய்ந்து செல்லும் வீரர் ஒருவர். படத்தின் பின்புறம் "சோழவரம், 1981" என்று மையால் எழுதியிருந்தது. ராஜ்தூத் 350 பிறந்ததோ 1983-இல்! பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கினோம். எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் வண்டியில் பொறித்திருந்தவற்றோடு ஒத்தன. அராவித் திருத்திய அடையாளமும் இல்லை. ஆனால் வண்டி முதன்முதலாகப் பதிவானது 1986-இல், இதே புனே நகரத்தில்.

விற்பவரை மோசக்காரர் என்று நாம் கூறமாட்டோம். தமக்கு விற்றவர் சொன்னதை அவர் நம்பியிருக்கலாம். பொய் ஒன்று கைமாறக் கைமாற மெய்யின் முகத்தைப் பெற்றுவிடுகிறது. சாதாரண வண்டிக்குரிய விலையைத் தர ஒப்பினோம். அவர் இசையவில்லை. பேருந்தேறித் திரும்பினோம். வழிநெடுக வாலிபர் பேசவேயில்லை. இறங்கும் தறுவாயில், "வண்டி பொய் என்பதுகூட வருத்தமில்லை ஐயா, சோழவரம் பொய்யாகிவிட்டதே" என்றார். அவருடைய துயரம் நமக்கும் விளங்கிற்று.

மெய்யான பந்தய வண்டியே கிடைத்துவிட்டால்? அப்போதும் நிதானம் வேண்டும். பந்தயத்திற்காகச் சிலிண்டரின் வாயில்களை அராவிப் பெரிதாக்கிய எஞ்சின், மிகு வேகத்தில் மட்டுமே உயிர் பெறும்; சந்தை நெரிசலில் முனகும். விளக்கில்லாத வண்டியைச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது. பதிவுச் சான்றிதழ் இல்லாத வண்டியில் வேலைக்குப் போக முடியாது. பிற மாநிலப் பதிவாயின் முதற்பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும் தேவை. காட்சிக்கு வைக்கும் செல்வர்க்கு இவை பொருட்டல்ல. உழைத்துச் சேர்த்தவர்க்கு இவையே எல்லாம்.

ஆகவே, "பந்தயம் ஓடியது" என்று ஒருவர் சொல்லும்போது விலையைப் பேசுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த ஆண்டு, எந்தத் தளம், ஓட்டியவர் யார்? விடை கிடைத்தால் அக்காலப் பந்தய நிகழ்ச்சிநிரலிலும் படங்களிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். படத்திலுள்ள நெளிவும் தழும்பும் வண்டியிலும் அதே இடத்தில் இருக்கவேண்டும். சான்று கிடைக்காவிட்டால் கதையைக் கேட்டு மகிழுங்கள். கதைக்கு விலை கொடுக்காதீர்கள்.

நம் வாலிபர் மூன்று மாதம் பொறுத்து, தெளிவான காகிதங்களோடு சாதாரண வண்டி ஒன்றை வாங்கினார். அது எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை. நாள்தோறும் காலை ஏழு மணிக்கு அவரைத் தொழிற்சாலை வாயிலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.