ஆசானுக்குரிய தொகை



குறைந்த பொருளைக் கொண்டு நம் பிள்ளைகளுக்குக் கலைப்பயிற்சி அளிப்பது எங்ஙனம் என்பது எனக்கு இடப்பட்ட தலைப்பு. கடந்த 25 ஆண்டுகளாகச் சங்கம் திரட்டிய பொருளெல்லாம் கல்லூரிக் கட்டணத்திற்கும் விடுதிச் செலவிற்கும் மாலை வகுப்பிற்கும் சென்றது. அதுவே முறை. அவற்றிற்குப் பின் மிஞ்சும் சிறு தொகையைப் பற்றியே பேச வந்துள்ளேன்.

2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாப் போட்டிகள் நடைபெறுகின்றன. பள்ளி அளவில் தொடங்கி மாநில அளவு வரை அவை செல்கின்றன. நம் பிள்ளைகள் முதற்படியைத் தாண்டுவதைக் காண்கிறேன்; அடுத்த படியில் தளர்வதையும் காண்கிறேன். போட்டிக்குச் சில நாள் முன்பு தொடங்கும் பயிற்சி போட்டியோடு நின்றுவிடுகிறது. பள்ளிக் கதவு மூடிய பின் பழக இடமில்லை, திருத்த ஆளில்லை. 5 முதல் 16 வயது வரையுள்ள சிறுவர்க்கென அரசு நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளன. பேருந்தில் சென்று திரும்புவதற்குள் இருட்டிவிடுமாயின், பெண்பிள்ளையை எந்தத் தாய் அனுப்புவாள்?

இடம் நம்மிடம் உண்டு. மாலை வகுப்பு நடக்கும் இக்கூடம் சனி, ஞாயிறு நாள்களில் பூட்டியே கிடக்கிறது. ஆசான்களும் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். ஆகவே பறையிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. வேப்பமரச் சட்டம், அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய தோல், மூங்கிலில் சீவிய சிண்டுகுச்சி, பூவரசங் கட்டையில் செய்த அடிகுச்சி, இவ்வளவே கருவி. 20 பிள்ளைகளுக்கு 20 பறைகள் வேண்டியதில்லை. அடியை முதலில் வாயால் சொல்லிப் பழக வேண்டும். பிறகு பலகையில் குச்சியால் தட்டிப் பழக வேண்டும். கை ஒழுங்குபட்ட பின்னரே தோலில் அடிப்பது. அதுவரை 4 பறைகள் போதும்.

இவ்விடத்தில் மூத்தோர் சிலர் முகம் சுளிப்பதைக் காண்கிறேன். அவர்கள் சுளிப்பதில் நியாயம் உண்டு. சாவுப்பறை அடிக்கமாட்டோம் என்று சொன்னதற்காக அடிபட்டவர்கள் நம் முன்னோர். தென்னார்க்காட்டில் பெரியவர் இளையபெருமாள் அவர்கள் அதற்கெனவே இயக்கம் நடத்தினார். இழிவு என்று அவர்கள் கீழே வைத்த பறையைப் பேரப்பிள்ளை கையில் மீண்டும் கொடுப்பதா என்ற வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையை வைத்துள்ளது என்று நான் விடை கூறலாம். பழம்பெருமை மட்டும் அவ்வினாவிற்கு விடையாகாது. அவர்கள் வெறுத்தது தோலையும் கட்டையையும் அல்ல. அழைத்தால் போயே தீர வேண்டும் என்ற கட்டளையை. ஆதலால் வகுப்பு தொடங்கும் நாளிலேயே ஒரு விதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம்: இவ்வகுப்பில் பயிலும் பிள்ளை எவரும் ஊர்ச் சாவிற்கோ ஊர்த் திருவிழாவிற்கோ கடமையின் பேரால் அனுப்பப்படமாட்டார். பறை வேண்டாம் என்னும் பிள்ளைக்கு ஓவியமோ வீதி நாடகமோ இருக்கட்டும்.

பெண்பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று நேற்று ஒருவர் கேட்டார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பல ஆண்டுகளாகப் பறை முழக்கி ஆடி வருகிறார்கள். இதில் ஐயத்திற்கு இடமே இல்லை.

இனி ஊதியத்திற்கு வருகிறேன். பணம் குறைவாயிருப்பதால், நம் பெரியவர்தானே, சமுதாயத்திற்காக இலவசமாகக் கற்றுக்கொடுக்கட்டும் என்ற யோசனை செயற்குழுவில் எழுந்ததாக அறிகிறேன். இதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். நம் பாட்டன்மார் இரவு முழுதும் அடித்தார்கள். விடிந்ததும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள். இவ்வளவு வேண்டும் என்று கேட்க அவர்களுக்கு வாயில்லை. ஊர் அன்று செய்ததைச் சங்கம் இன்று அன்பின் பேரால் செய்யலாமா? கணக்கு ஆசிரியரை மாலை வகுப்பிற்கு அழைக்கும்போது தொகை பேசித்தானே அழைக்கிறோம்? 2025ஆம் ஆண்டு அலங்காநல்லூர் வேலு ஆசான் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். நம் தெருவிலுள்ள ஆசானுக்கு விருது தர நம்மால் இயலாது. கூலி தர இயலும்.

60 குடும்பங்கள் மாதம் 100 ரூபாய் வீதம் கொடுத்தால் 6,000 ரூபாய் சேரும். சனி, ஞாயிறு என மாதத்தில் 8 வகுப்புகள். வகுப்பொன்றுக்கு 750 ரூபாய் ஆசானுக்கு. 100 இயலாத வீடு 20 கொடுக்கட்டும். குறைவதைச் சங்கப் பணத்திலிருந்து நிரப்பலாம். பதாகை, மேடை, சீருடை எல்லாம் அடுத்த ஆண்டிற்குத் தள்ளிப்போகட்டும். முதல் அரங்கேற்றத்திற்கு நம் தெருமுனையே போதும்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் அமைந்தது. நம் கலைஞர்களுள் அதில் பதியாதோர் இன்னும் இருக்கிறார்கள்; விண்ணப்பம் எழுதத் தெரியாமையே பெரும்பாலும் காரணம். கணினி அறிந்தவர்கள் இருவர் வீடு வீடாகச் சென்று விவரங்களைக் கேட்டு எழுதி முடிக்கலாம்.

பொருளாளர் அவர்கள் வரும் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் எழுதும்போது, ஆசானுக்குரிய தொகையை இதரச் செலவுகளுள் அடக்காமல், மாலை வகுப்பு ஆசிரியர் சம்பளத்திற்கு நேர்கீழே தனித் தலைப்பாக எழுத வேண்டுகிறேன்.