வளரும் நகரமும் நம் பிள்ளைகளும்

 

நம் கல்விச் சங்கத்திற்கு வெள்ளி விழா எடுக்கும் இவ்வேளையில், ஏறத்தாழ அதே வயதுடைய ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேச விழைகிறோம். சென்னை தரமணியில் 2000ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் திறக்கப்பெற்ற டைடல் பூங்காவே அது. அரசு நிறுவனங்களான டிட்கோவும் எல்காட்டும் கூடிக் கணினித் தொழிலுக்கென எழுப்பியது. அதன்பின் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகச் சிறுசேரி வரையிலும் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. பெரம்பலூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் இரவுப் பேருந்து ஏறி நம் இளைஞர் பலர் அங்குச் சென்றுள்ளனர். சென்றவர் எல்லாரும் கணினிமுன் அமர்ந்துவிடவில்லை.

அதே சாலையில், துரைப்பாக்கத்தை ஒட்டிக் கண்ணகி நகர் என்றொரு குடியிருப்பு உண்டு. அதுவும் 2000ஆம் ஆண்டையொட்டித் தோன்றியதே. ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் குடிசையிட்டு வாழ்ந்த ஏழைகளை, அவருள் நம் மக்கள் மிகப் பலர், நகரின் நடுவிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து அங்கே குடியமர்த்தினர். பின்னர்ச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அவ்வாறே செய்தனர். விடியலில் அங்கிருந்து புறப்படுவோர் பலர் அம்மாளிகைகளில் தரை துடைக்கவும் வாயில் காக்கவும் செல்கின்றனர். உழைப்பில் இழிவில்லை. ஆயினும் தாய் துடைத்த தரையில் மகள் பணியாளராக நடந்து செல்லக் கால் நூற்றாண்டு போதாதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

தனியார் நிறுவனப் பணிகளில் நமக்கு இட ஒதுக்கீடு இல்லை. அது வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் கல்லூரி வாயில் முன்னைவிட அகலத் திறந்திருக்கிறது. பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு 2007இல் நீங்கியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றோர்க்கு 2021 முதல் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. கட்டணத்தை அரசே ஏற்கிறது. இத்தனை இருந்தும் நம் பிள்ளைகள் எங்கே தங்கிவிடுகின்றனர்? ஏழாம் வகுப்புப் பின்னக் கணக்கில்! அங்கே பிடித்த அச்சம் பத்தாம் வகுப்புவரை தொடர்கிறது. பதினொன்றாம் வகுப்பில் கணிதம் இல்லாத பிரிவை நாடுகின்றனர். பொறியியல் கதவு அன்றே அநேகமாக அடைபட்டுவிடுகிறது. பெற்றோர் பலருக்கு இது தெரிவதேயில்லை. எடுத்துச் சொல்வாரும் இல்லை.

இது சென்னைக்கு மட்டும் உரிய செய்தியன்று. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை நம்பி எழுந்த சிமெண்டு ஆலைகளிலும் இதே கேள்வி உண்டு. நம் எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா எழுந்துள்ளது. காலணி உற்பத்தியும் வந்துவிட்டது. செருப்புத் தைத்தவரை எட்ட நிறுத்திய நாட்டில் காலணி ஆலைக்கு இத்தனை வரவேற்பு! நகைப்பதா, மகிழ்வதா என்று விளங்கவில்லை. அங்கே இயந்திரத்தைப் பழுது பார்ப்பவராகவும் கணக்கு எழுதுபவராகவும் நம் பிள்ளைகள் அமர வேண்டுமாயின், அதற்கான படிப்பு இன்றே தொடங்க வேண்டும்.

ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெற்றோர்க்குப் பரிசளிக்கிறோம், நன்று. அவர்கள் நம் உதவியின்றியும் ஓரளவு முன்னேறிவிடுவர். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலைநேரக் கணித வகுப்பும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் நடத்துவோம். சென்னையில் வேலை தேடும் பட்டதாரிகள் மூன்று மாதம் தங்க ஒரு வாடகை வீடும் தேவை. வகுப்பை வரும் ஜூன் திங்களிலேயே தொடங்கலாம். ஆறு மணிக்கு மேல் சங்கக் கட்டடம் பூட்டியே கிடக்கிறது. சாவி யாரிடம் இருக்கும் என்பதைச் செயலாளர் அவர்கள் இம்மேடையிலேயே அறிவித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.