அரை கிரவுனுக்கு மேல் வேண்டாம்



அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம் என்றொரு நகரம். 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை. அங்கே கறுப்பின மக்களின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் நிறவெறியர்கள் வைத்த குண்டு வெடித்தது. ஞாயிறு வகுப்புக்கு வந்த நான்கு சிறுமியர் உயிரிழந்தனர். மூவருக்கு வயது 14, ஒரு சிறுமிக்கு 11. ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றில் இயேசுவின் முகம் பெயர்ந்து போயிருந்தது.

கடலுக்கு அப்பால், வேல்ஸ் நாட்டில், ஜான் பெட்ஸ் என்ற கண்ணாடி ஓவியர் இச்செய்தியைக் கேட்டார். புதிய சாளரம் ஒன்று செய்துதர முன்வந்தார். ‘வெஸ்டர்ன் மெயில்’ நாளிதழ் நிதி திரட்டியது. ஒரே ஒரு நிபந்தனை: யாரும் அரை கிரவுனுக்கு மேல் தரக்கூடாது. எட்டு அரை கிரவுன் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு! செல்வந்தர் ஒருவரே முழுத்தொகையையும் கொடுத்துவிடக் கூடாது, அது மக்கள் அனைவரின் காணிக்கையாக இருக்கவேண்டும் என்பதே நோக்கம். சிறுபிள்ளைகளும் தங்கள் கைக்காசைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

1965இல் அந்தச் சாளரம் ஆலயத்தில் இடம்பெற்றது. அதில் கறுப்பு நிறக் கிறிஸ்து கைகளை விரித்து நிற்கிறார். ஒரு கை அநீதியைத் தடுக்கிறது. மறுகை மன்னிப்பை நீட்டுகிறது. அடியில், மத்தேயு 25ஆம் அதிகாரத்தை நினைவூட்டி, ‘எனக்கே செய்கிறீர்கள்’ என்ற பொருளில் ஒரு வாசகம். குண்டு வைத்ததும் அவருக்கே. பிள்ளைகள் காசு கொடுத்ததும் அவருக்கே.

அன்பர்களே, நம் ஆலயங்களைச் சற்று பாருங்கள். மின்விசிறியில் உபயம், பெஞ்சில் உபயம், சாளரத்திலும் உபயம். கொடுத்தவர் பெயர் பெரிதாக இருக்கிறது. யாருடைய நினைவாகக் கொடுத்தார்களோ அவர் பெயர் சிறிதாக இருக்கிறது.

இனி உங்கள் பங்கிலோ பள்ளியிலோ நினைவுச் சாளரம் அமைக்க எண்ணினால், முதலில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவையுங்கள். யாரை நினைக்கிறோம், ஏன் நினைக்கிறோம் என்று கதையாகச் சொல்லுங்கள். தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். அவர்கள் வரைந்த ஒரு பறவையோ படகோ அந்தக் கண்ணாடியில் இடம் பெறட்டும். ஆளுக்கு ஒரு ரூபாய் அவர்களும் போடட்டும். நாம் மறைந்த பிறகும் அந்தக் கதையைச் சொல்லப்போகிறவர்கள் அவர்கள்தானே!

வண்ணச் சாளரம் என்பது சிறுசிறு துண்டுகளை ஈயப்பட்டையால் இணைத்தது. அதில் எந்தத் துண்டும் சிறிதல்ல. ஒன்று விழுந்தாலும் மழை உள்ளே வரும். திருச்சபையும் அப்படித்தான்.

சின்னஞ்சிறியோரில் தம் முகத்தைக் காட்டும் ஆண்டவர் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.