பேசாத நடிகர்கள்

கெடா தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் படம் பார்ப்பது என்றதும் நினைவுக்கு வருவது பட்டணத்துக் கொட்டகை அல்ல. பெரட்டுக் களத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணிதான். திருவிழாக் காலங்களில் சுங்கைப் பட்டாணிப் பக்கமிருந்து படக்காரரின் வேன் வந்து சேரும். பொழுது சாய்ந்து, ஜெராய் மலை இருளில் மறையும் வரையில் காத்திருக்க வேண்டும். முன்வரிசை நாற்காலிகளில் கிராணிமார். பின்னால் பாயும் சாக்கும் விரித்துக்கொண்டு லயத்துச் சனங்கள். இடம் கிடைக்காத பிள்ளைகளாகிய நாங்கள் துணியின் மறுபுறம் போய் உட்கார்ந்துகொள்வோம். அங்கிருந்து பார்த்தால் எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரியும். கதாநாயகன் இடக்கையால் வாள் சுழற்றுவான். யானைக்கும் குதிரைக்கும் நாய்க்கும் மட்டும் எந்தப் பக்கமும் ஒன்றுதான். விலங்குகள் நடித்த படம் என்றால் மறுபுறத்தில் உட்காருவதில் எங்களுக்கு மனக்குறையே இருந்ததில்லை.

அந்த விலங்குக் கதாநாயகர்களுக்கு ஒரு முன்னோர் வரிசை உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

1918-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் இருந்தது. பிரான்சு நாட்டின் லொரேன் பகுதியில், குண்டு விழுந்து சிதைந்த ஒரு நாய்க் கொட்டிலில் லீ டங்கன் என்ற அமெரிக்கச் சிப்பாய் சில குட்டிகளைக் கண்டெடுத்தார். அவற்றில் ஒன்றுதான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ரின் டின் டின். ஊமைப்படக் காலத்தில் வார்னர் சகோதரர்கள் நிறுவனத்துக்கு இந்த நாய் ஈட்டிக் கொடுத்த பணம் கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனால் பேசும் படம் வந்தது. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் அந்த நிறுவனம் நாயின் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. நாய் பேசாதே, இனி அதற்குப் படத்தில் என்ன வேலை என்பதுதான் அவர்களுடைய கணக்கு. கணக்கு என்னவோ சரிதான். ஆனால் அது எப்படிப் பொய்த்தது என்பதே நம் கதை.

வேலை இழந்த நாயை ஏற்றுக்கொண்டது நாட் லெவின் என்பவர் நடத்திய மாஸ்காட் என்ற சிறு நிறுவனம். பெரிய நட்சத்திரங்களை அமர்த்த அவர்களிடம் வசதி இல்லை. அவர்கள் எடுத்தவை தொடர் படங்கள். தொடர் படம் என்றால், ஒரு கதையைப் பன்னிரண்டு பாகங்களாகப் பிரித்து, வாரம் ஒரு பாகமாகக் காட்டுவது. ஒவ்வொரு பாகமும் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும். கதாநாயகன் பாறை உச்சியிலிருந்து விழும் நேரத்தில், அல்லது வீடு தீப்பற்றி எரியும் நேரத்தில், "அடுத்த வாரம்" என்று நிறுத்திவிடுவார்கள். மிச்சத்தை அறிய மறுபடியும் சீட்டு வாங்கியே ஆகவேண்டும். மாத இதழில் தொடர்கதை படித்தவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல.

1930-இல் 'லோன் டிபெண்டர்', 1931-இல் 'லைட்னிங் வாரியர்' என்று இரண்டு தொடர்களில் ரின் டின் டின் நடித்தது. இரண்டாவது தொடரின்போது அதற்கு ஏறக்குறைய பதின்மூன்று வயது. நாய்க்கு அது முதுமை. 1932-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் அது இறந்தது. அதே பெயர் கொண்ட வாரிசு நாயும், ரெக்ஸ் என்ற கருங்குதிரையும் மாஸ்காட்டின் நட்சத்திரங்களாயின. 1935-இல் வெளிவந்த 'ரெக்ஸும் ரிண்டியும்' தொடரில் ஒரு தீவின் மக்கள் தெய்வமாக வணங்கும் குதிரையைத் திருடிக்கொண்டு போகிறார்கள். அதைக் காப்பாற்ற ஒரு நாய் துணை நிற்கிறது. கதை இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் எதற்கு?

ஒலிப்பதிவு வந்ததால் விலங்கைப் பழக்குபவரின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஊமைப்படத்தில் காமிரா ஓடும்போதே அவர் பக்கத்தில் நின்று "வா, குதி, படு" என்று கத்தலாம். படத்தில் அது கேட்காது. மைக் வந்தபின் அவர் வாயை மூடிக்கொண்டு கையசைவிலேயே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. ஆக, பேசும் படத்தில் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டவர்கள் இரண்டு பேர்: ஒன்று நாய், மற்றொருவர் அதன் எஜமானர்.

இந்த அலை இந்தியாவைத் தொட்டபோது பம்பாயில் ஜே.பி.எச். வாடியா, ஹோமி வாடியா என்ற பார்சிச் சகோதரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1935-இல் வந்த 'ஹண்டர்வாலி' படத்தில் சவுக்குடன் தோன்றிய நாடியா ஆஸ்திரேலியாவில் பிறந்த பெண்மணி. அவர் பேசிய இந்தியைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. ஆனால் 'பஞ்சாபின் மைந்தன்' என்று பெயர் சூட்டப்பட்ட அவருடைய குதிரைக்கு உச்சரிப்புத் தொல்லை ஏது? வாடியா படங்களின் விளம்பரங்களில் குதிரைக்கும் நாய்க்கும் நடிகர்களைப் போலவே பெயர் போட்டார்கள்.

தமிழில் இந்த வழியைத் தமக்கே உரிய பாதையாக ஆக்கிக்கொண்டவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த சாண்டோ சின்னப்பா தேவர். 1967-இல் யானையை வைத்து அவர் எடுத்த 'தெய்வச் செயல்' எதிர்பார்த்தபடி ஓடவில்லை. மனிதர் சோர்ந்துவிடவில்லை. அதே கதையை 1971-இல் 'ஹாத்தி மேரே சாத்தி' என்று இந்தியில் எடுத்தார். நாடே திரண்டு பார்த்தது. 1972-இல் எம்.ஜி.ஆரை வைத்து 'நல்ல நேரம்' என்று மீண்டும் தமிழுக்குக் கொண்டுவந்தார். பெரட்டுக் களத்தில் எங்களை அழவைத்த படம் அதுதான். குடும்பத்தைக் காக்க யானை உயிரை விடும் கட்டத்தில், பால் மரம் வெட்டிவிட்டு வந்த ஆண்பிள்ளைகளே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் கெடாவிலிருந்து யானைகள் கப்பலேறிச் சோழமண்டலக் கரைக்குப் போயின. கெடா சுல்தான்களின் வருவாயில் அந்த வாணிபத்துக்கும் பங்கு இருந்தது. கடாரத்து யானை அங்கே போக, முந்நூறு ஆண்டு கழித்துத் தமிழ்நாட்டு யானை தகரப் பெட்டியில் பிலிம் சுருளாக இங்கே வந்தது. ஆனால் சிக், பாலிங் பக்கத்துக் காட்டோரங்களில் குடியிருந்தவர்களுக்கு யானை என்பது தோழன் அல்ல. இரவோடு இரவாக வாழைத் தோப்பை அழித்துவிட்டுப் போகும் ஒன்று அது. அவர்களும் நம்மோடு உட்கார்ந்துதான் அந்தப் படத்துக்கு அழுதார்கள்.

இனி, திரையில் தெரியாத ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்கப் படங்களில் பாய்ந்து வரும் குதிரை திடீரெனக் குப்புற விழும். எப்படி விழுந்தது? முன்னங்கால்களில் மெல்லிய கம்பி கட்டி, அதன் மறுமுனையைத் தரையில் முளையடித்திருப்பார்கள். கம்பியின் நீளம் முடிந்த இடத்தில் குதிரை கவிழும். சில எழுந்தன, கால் ஒடிந்தவற்றைச் சுட்டுவிட்டார்கள். 1936-இல் 'சார்ஜ் ஆப் தி லைட் பிரிகேட்' என்ற படத்தில் பல குதிரைகள் மாண்டன. 1939-இல் 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்காக ஒரு குதிரையை உயரமான பாறையிலிருந்து நீரில் பாயவைத்தார்கள், அது பிழைக்கவில்லை. பொதுமக்கள் கொதித்தெழுந்த பிறகுதான், 1940 முதல் விலங்குநலச் சங்கத்தார் படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கினர். இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டமும், காட்சி விலங்குகளுக்கென்று 2001-இல் வகுத்த விதிகளும் வந்தன. மலேசியாவில் விலங்கு நலச் சட்டம் 2015-இல் இயற்றப்பட்டு, 2017-இல் நடைமுறைக்கு வந்தது.

மனித நடிகர் விழும்போது, விழப் போகிறோம் என்று அவருக்குத் தெரியும். அதற்குக் கூலியும் பேசியிருப்பார். குதிரைக்குக் கதை தெரியாது, கம்பியும் தெரியாது. பேசாததால்தான் அது எல்லா மொழிக்காரருக்கும் விளங்கியது. பேசாததால்தான் அதன் வலியை யாரும் கேட்கவும் இல்லை. சிறுவயதில் குதிரை விழும் காட்சிக்கு நாங்கள் கைதட்டியிருக்கிறோம். இப்போது அந்தப் பழைய படங்கள் கண்ணில் பட்டால், விழுந்த குதிரை அடுத்த காட்சியில் எழுந்து நிற்கிறதா என்று தேடுகிறோம்.

இன்று பெரும்பாலும் கணினியில் வரைந்த யானைகளும் புலிகளுமே திரையில் நடிக்கின்றன. அவற்றுக்கு அடிபடுவதில்லை. அந்த மட்டில் நல்லதே. ஆயினும் பெரட்டுக் களத்துப் படங்களை நினைக்கும்போது எங்கள் மனக்கண்ணில் வருவது ஒரு சிறு காட்சி. லயத்து நாய்கள் எங்களோடு வந்து துணிக்கு அடியில் சுருண்டு படுத்திருக்கும். எம்.ஜி.ஆர். பேசினாலும் பாடினாலும் அவை கண் திறப்பதில்லை. திரையில் யானை பிளிறியதும் மட்டும் சட்டென்று எழுந்து, காதுகளை விறைத்துக்கொண்டு, துணியை அண்ணாந்து பார்த்துக் குரைக்கும். துணிக்குப் பின்னால் ஒருமுறை போய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் வந்து படுத்துக்கொள்ளும்.