துணையின்றிச் செல்லும் நம் பெண்கள்



வெங்காயம் விற்ற பணத்திலே மகளைக் கொழும்புக்குப் படிக்க அனுப்பிய கமக்காரர் பலர் இச்சபையிலே அமர்ந்திருக்கின்றீர்கள். அனுப்பிய நாள்முதல் உங்களுக்கு உறக்கமில்லை என்பதை நாம் அறிவோம். அவ்வச்சம் காரணமற்றதன்று. 1990 முதல் 2014 வரை யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமே வரவில்லை. அக்காலத்திலே வளர்ந்த தாய்மாருக்குக் கொழும்பு என்றால் சோதனைச் சாவடிதான் நினைவுக்கு வரும்.

ஆனால் மகள்மார் காண்பது வேறு நகரம். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் நால்வருமாக வெள்ளவத்தையிலே 100ஆம் இலக்க பஸ் வண்டியில் ஏறுகின்றனர். தமிழும் அரசகரும மொழியென 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. நடத்துநர் பலரின் நாவில்தான் அது இன்னும் ஏறவில்லை! ஆகவே ஒருத்தி சிங்களத்தில் எண்ணப் பழகுகின்றாள். மற்றொருத்தி மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்குகின்றாள். புறக்கோட்டையிலே வழி தவறுகின்றனர். தாமே விசாரித்து மீளுகின்றனர். 1877இல் திறக்கப்பட்ட நூதனசாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காலிமுகத்திடலிலே கடற்காற்று வாங்குகின்றனர்.

அண்ணனைத் துணைக்கு அனுப்பலாமே என்பர் சிலர். அண்ணன் சென்றால் வழியை அவனல்லவா அறிவான்? நாளை உத்தியோகத்துக்குச் செல்லும்போதும் அவன் கூடவே செல்வானா?

பெற்றோரிடம் நாம் வேண்டுவது இதுவே: விடுதிச் செலவோடு பஸ் கட்டணத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்தமுறை கொழும்புக்குச் செல்கையில், மகளே உங்களை அழைத்துச் செல்லட்டும்.