செவிக்குப் புதிய மூன்று இசைத்தட்டுக்கள்



ஐம்பது வயதைக் கடந்தவரின் செவி புதிய இசையை ஏற்குமா? இளமையிற் கேட்டவையே வாழ்நாள் முழுவதற்கும் போதும் என்று நம்மிற் பலர் அமைந்துவிடுகிறோம். கர்நாடக சங்கீதத்திலே பழகிய செவியோடு, அண்மையில் மூன்று பிறநாட்டு இசைத்தட்டுக்களை நான் முதன்முறையாகக் கேட்டேன். அவை வெளியாகிப் பல்லாண்டுகள் ஆயினும் எனக்குப் புதியனவே. இனி நான் கூறுவனவற்றை இசைப்புலவர் ஒருவரின் தீர்ப்பாகக் கொள்ளாது, சாதாரண இரசிகர் ஒருவரின் மனப்பதிவாகவே கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

முதலாவது, அமெரிக்கக் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தம் குழுவினருடன் 1959ஆம் ஆண்டிலே வெளியிட்ட 'கைண்ட் ஒஃப் புளூ'. ஜாஸ் என்றாலே ஆரவாரம் என்று கருதுவோர் உளர். இத்தட்டிலோ அமைதியே மேலோங்கி நிற்கிறது. கலைஞர்களுக்குச் சில குறிப்புகள் மட்டுமே வழங்கப்பட்டன. எஞ்சியது அவரவர் மனோதர்மம். 'சோ வட்' என்னும் முதல் உருப்படியின் சுரவரிசையை அவர்கள் டோரியன் என்பர். அச்சுரங்கள் நமது கரகரப்பிரியாவின் சுரங்களே! கமகம் இன்மையால் அது கரகரப்பிரியா ஆகிவிடாது. ஆயினும் அந்நிய நகரொன்றிலே நம்மூர் முகமொன்றைக் கண்டது போன்ற மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று. சிறிது நேரத்தில் அச்சுரவரிசை முழுவதும் அரைச்சுரம் மேலே பெயர்ந்து, பின்னர் பழைய இடத்துக்கே மீள்கிறது. நமக்குத் தம்புராவின் சுருதி அசையாத நிலம். அங்கே நிலமே பெயர்கிறது. அதனைக் கேட்டபின், நெடுங்காலம் கவனியாதிருந்த தம்புராவின் நாதத்தை நம் கச்சேரிகளிலே உற்றுக் கேட்கத் தொடங்கினேன்.

இரண்டாவது, ஜேர்மனிய இசைமேதை பாஹ் இயற்றி 1741இல் வெளியான 'கோல்ட்பேர்க்' வேறுபாடுகள். கனடா நாட்டுப் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் இதனை இருமுறை ஒலிப்பதிவு செய்தார். முதன்முறை 1955இல், அப்போது அவருக்கு வயது 22. மறுமுறை 1981இல், அப்போது வயது 48. இரண்டும் நியூயோர்க்கில், முன்னர் தேவாலயமாக விளங்கிய ஒரே ஒலிப்பதிவுக் கூடத்திலேயே நிகழ்ந்தன. மைல்ஸ் டேவிஸின் தட்டும் அங்கேயே உருவானது. தொடக்கப் பாடலை இளைஞர் கூல்ட் இரண்டு நிமிடத்துக்குள் வாசித்து முடிக்கிறார். முதிர்ந்த கூல்ட்டுக்கு மூன்று நிமிடம் வேண்டியிருக்கிறது. சுரங்கள் அவையே, மனிதர் மாறிவிட்டார். முப்பது வேறுபாடுகளிலும் மேலே கேட்கும் மெட்டு மாறிக்கொண்டே போகிறது. அவற்றைப் பிணைக்கும் இழை யாதென்று தேடினேன். அது இடக்கை வாசிக்கும் கீழ்க்குரலின் போக்கில் இருந்தது. ஒரே மெட்டைப் பின்தொடர்ந்து பழகிய நமக்கு, இரண்டு மூன்று குரல்களை ஒருங்கே கேட்பது எளிதன்று, பொறுமை வேண்டும். பேச்சிலும் அத்தகைய பொறுமை நமக்கு வாய்த்தால் எத்துணை நலம்!

மூன்றாவது, 1996இல் கியூபாவின் தலைநகர் ஹவானாவில் ஒலிப்பதிவாகி, மறு ஆண்டு வெளிவந்த 'புவெனா விஸ்டா சோஷல் கிளப்'. மாலி நாட்டுக் கலைஞரையும் கியூபக் கலைஞரையும் சேர்த்து வாசிக்கச் செய்வதே முதல் திட்டம். மாலியிலிருந்து வரவேண்டியவர்கள் வந்து சேரவில்லை. ஆகவே உள்ளூரிலே ஓய்ந்திருந்த முதிய கலைஞர்கள் தேடி அழைக்கப்பட்டனர். கொம்பாய் செகுந்தோவுக்கு அப்போது வயது 88. பியானோ வாசித்த ரூபென் கொன்சாலஸ் எழுபதைக் கடந்தவர். அவர் வீட்டிலே அந்நாளிற் பியானோ இல்லை. ஆயினும் அவ்விரல்களிலே தயக்கமேனும் தளர்ச்சியேனும் நான் கேட்கவில்லை. ஸ்பானிய மொழி எனக்குத் தெரியாது. என்றாலும் அக்குரல்களிலே ஏக்கமும் குறும்பும் கலந்திருப்பதை உணர மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்படவில்லை. ஓய்வுபெறும் வயதை நெருங்கும் என்போன்றோர்க்கு அத்தட்டு அளிக்கும் ஆறுதல் பெரிது.

நேயர்களே, இம்மூன்றையும் நான் எடுத்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. நமது பாடசாலைகளிலே கர்நாடக சங்கீதம், கீழைத்தேய சங்கீதம், மேலைத்தேய சங்கீதம் என்பன தனித்தனிப் பாடங்கள். ஒன்றைத் தெரிவுசெய்த பிள்ளை, ஏனைய இரண்டையும் ஒருமுறையேனும் செவிமடுக்காமலே கல்வியை முடித்துவிடலாம். ஒரே தீவில் வாழும் தமிழ்ப்பிள்ளையும் சிங்களப்பிள்ளையும் ஒருவர் பயிலும் இசையை மற்றவர் அறியாமலே வளர்ந்துவிடுகின்றனர். அயலவரின் பாட்டைக் கேட்டுப் பழகாத செவி, அவருடைய துயரை எங்ஙனம் கேட்கும்?

பரீட்சைக்கே நேரம் போதாதபோது இதற்கு நேரம் ஏது என்று பெற்றோர் வினவக்கூடும். மாதத்துக்கு ஒரு பாடவேளை போதும். குறிப்பெழுதுதல் வேண்டா, வினாவிடை வேண்டா. பிள்ளைகள் அமர்ந்து கேட்கட்டும். இலக்கணம் பின்னர் வரும். பிறர் இசையைக் கேட்பதால் நம் இசை குறைந்துவிடும் என்று அஞ்சுவோரும் உளர். என் அனுபவம் அதற்கு மாறானது. கரகரப்பிரியா இன்று எனக்கு முன்னையிலும் இனிமையாக ஒலிக்கிறது.